நாளொன்றுக்கு இரண்டு அறிவுரை

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆணை மிகத் தெளிவாகவே இருந்தது. பணியில் மூத்த ஆசிரியர் ஒவ்வொருவரும், பணிக்குப் புதிதாக வந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டு அறிவுரைக்குக் குறையாமல் வழங்க வேண்டும்; மேற்படி அறிவுரை வழங்கப்பட்டதற்குப் புகைப்படமும், பெறப்பட்டதற்குக் கையொப்பமும் அன்றன்றே வந்து சேர வேண்டும்.

அந்தப் பள்ளியில் மூத்தவர்கள் பதினோரு பேர். புதியவள் ஒருத்திதான், கணக்கு டீச்சர். ஆக, நாளொன்றுக்கு இருபத்திரண்டு அறிவுரை.

ஐந்தாம் வகுப்புக்கு ஆறு மாதமாகக் கணக்குக்கு ஆளே இல்லை. பரீட்சைக்குள் வகுத்தலும் பின்னமும் முடித்துவிடுவதாக, வந்த அன்றே பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"வாக்கெல்லாம் கொடுக்காதேம்மா, ஞாபகம் வெச்சுக்குவாங்க," என்றார் அறிவியல் சார். "எங்க, கேமராவைப் பாரு."

"சார், வகுப்புல பிள்ளைங்க தனியா இருக்காங்க."

"மணியடிக்கிற அண்ணனை உட்காரச் சொல்லியிருக்கு. அடுத்தது தையல் டீச்சர், போ."

"வேலை தெரியும்னு காட்டிக்காதே கண்ணு," என்றாள் தையல் டீச்சர். "காட்டினா நீதான் செய்யணும்."

தலைமையாசிரியை தன் பங்குக்கு, "கையெழுத்தைக் கொஞ்சம் கோணலாப் போடு. நாளைக்கு என்னோடதே இல்லைன்னு சொல்லிடலாம்" என்றார். அந்த அறிவுரையைப் பெற்றுக்கொண்டதற்கு அவள் நேராகவே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் வாரம் எல்லோருக்கும் சரக்கு தீர்ந்தது. தமிழாசிரியர் ஒன்றை இரண்டாகப் பிரித்தார்: "குடை வாங்கு. அதை எடுத்துட்டு வா."

"ஐயா, ஒரே ஒரு பீரியட் பாடம் நடத்திட்டு வந்துடறேனே?"

"தாராளமா நடத்தலாம். அதை எப்படி நடத்தறதுன்னு இன்னைக்குக் கணக்குல இன்னும் எட்டு அறிவுரை பாக்கியிருக்கே."

மூன்றாம் வாரக் கடைசியில் அதிகாரி வந்தார். நேரே ஐந்தாம் வகுப்புக்குப் போய், கடைசி பெஞ்சு முயல்பல்லுக்காரியை எழுப்பினார்.

"நூற்று நாற்பத்து நாலை ஆறால வகு."

"இருபத்து நாலு சார். மீதி இல்லை."

அதிகாரி பூரித்துப் போனார். "முந்நூற்று முப்பது அறிவுரை! வீண்போகுமா?"

"மணியடிக்கிற மாமாதான் சொல்லிக் கொடுத்தாரு சார்," என்றாள் முயல்பல்லுக்காரி. "சும்மா உட்கார்ந்தா அவருக்குக் கால் மரத்துப்போகுதாம். இன்னைக்குப் பின்னம்."

அதிகாரி முகம் தொங்கிவிட்டது. "ஒரு அறிவுரைகூட வாங்காம பாடம் நடத்தினாரா?"

கணக்கு டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "பிள்ளைங்களுக்குக் கணக்கு வருதே சார்."

"வருது. முறைப்படி வரலையே."

அங்கேயே ஆணை பிறந்தது. மணியடிக்கிற அண்ணன் இனி பணிக்குப் புதியவர். முந்நூறு தாண்டிய கணக்கு டீச்சர் இனி மூத்தவர். அண்ணனுக்கு நாளொன்றுக்கு இருபத்து நாலு. இன்றே தொடக்கம், அதிகாரியின் நேரடிப் பார்வையில். மறுப்பவருக்குப் பணி நிரந்தரம் கிடையாது.

ஆசிரியர் அறையில் வரிசை நின்றது. கடைசி ஆள் கணக்கு டீச்சர். 'இரண்டைச் சொல்லிவிட்டால் வகுப்புக்கு ஓடிவிடலாம்' என்று நின்றவள், என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள்: 'வேலை தெரியும்னு காட்டிக்காதீங்கண்ணா.' சொல்லிப் பார்த்தபோது அது நன்றாகத்தான் இருந்தது.

மாலை நாலரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. மணியடிக்காமல் யாரும் வெளியேறக் கூடாது என்பது பள்ளி விதி. வராண்டாவில் பிள்ளைகளும், ஆசிரியர் அறையில் பன்னிரண்டு மூத்தவர்களும் அதிகாரியும் பையைத் தோளில் மாட்டியபடி வெளியே தொங்கிய மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் பதினேழாவது அறிவுரையில் இருந்தார்.