அகநாடு அகன்ற வரலாறு

அன்று சபையில் இருந்தவர்கள்: அரசர். அவருக்கு வலப்புறம் மதில் மந்திரி மருதவாணர். இடப்புறம் உணவு மந்திரி. கைதட்டுவதற்கென்றே சோறு போட்டு வைத்திருந்த ஒரு வரிசை ஆட்கள். சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்ட உப்புவாசல்காரி வஞ்சி. இவர்கள் எல்லோரையும் சுற்றி, எப்போதும்போல, மதில். மதிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை வந்தவர்களின் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அகநாட்டில் இல்லை.

அகநாடு தண்ணீருக்குள் இருந்தது. நாற்புறமும், மேலும் கீழும் புறநீர். உள்ளே இருந்ததும் நீர்தான், ஆனால் அதற்கு அகநீர் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே இருந்தது மதில் மட்டுமே. அது கல்லால் கட்டியதல்ல, மண்ணால் எழுப்பியதும் அல்ல. ஆட்களால் ஆனது.

மதிலுக்கு எடுக்கப்பட்டவர்களுக்குச் சில நாளிலேயே ஒரு குணம் வந்துவிடும். முகத்தில் நீர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காலில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஆகவே அவர்கள் இரண்டு அடுக்காகக் கிடந்தார்கள். ஓர் அடுக்கு முகத்தைப் புறநீருக்குக் காட்டியபடி, மற்றோர் அடுக்கு அகநீருக்குக் காட்டியபடி. நடுவில் கால்களோடு கால்கள். யாரும் அவர்களைக் கட்டிப் போடவில்லை. அவர்களும் கைகோத்துக்கொள்ளவில்லை. கால் நனைந்துவிடுமோ என்ற பயம்தான் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பயத்தின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் நாட்டின் பாதுகாப்பு.

அவர்கள் ஓரிடத்தில் நிற்பவர்களும் அல்லர். திருவிழாக் கூட்டத்தில் நகர்வதுபோலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். மதிலோரத்து வீடுகளில் காலையில் பார்த்த முகம் மாலையில் இருக்காது. எங்காவது கிழிந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து வந்து மூடிவிடுவார்கள். நகரும்போது மெல்லிய முனகல் எழும். அந்த முனகலில்தான் நாடு தூங்கியது.

வஞ்சியின் கணவன் சேந்தன் உள்ளடுக்கில் இருந்தான். கல்யாணமான புதிதில் எடுத்துக்கொண்டு போனார்கள். மதில் நகர்ந்து நகர்ந்து எப்போதாவது அவனை உப்புவாசலின் பக்கம் கொண்டுவரும். அப்போது இரண்டு வார்த்தை பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் அவன் முகம் கடந்துபோய்விடும். அவளுக்கு இருந்த குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். அதற்காகவே அவள் அந்த வாசலை விட்டு வேறு வேலைக்குப் போகவில்லை.

மதிலில் வாசல்கள் பல. நீருக்கென்று இருந்த வாசல்களில் காவலே கிடையாது, நீர் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். உப்புவாசல் மட்டும் ஆள் வைத்துச் சுழற்ற வேண்டியது. உப்பு யாரையும் கேட்காமல் இடுக்குகள் வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை மூட்டையாகக் கட்டிச் சுழலறையில் ஏற்றுவார்கள். அறை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று மூட்டை உப்பு வெளியே போகும், இரண்டு மூட்டை சாம்பல் உள்ளே வரும். சுற்றுக்கு ஒரு கவளம் சோறு சுழற்றுகிறவளுக்கு. ஏன் மூன்று, ஏன் இரண்டு என்று வஞ்சிக்குத் தெரியாது. அவளுக்கு முன்னால் சுழற்றியவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. தோள்பட்டை வலிக்கும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

சபையில் மருதவாணர் அவளை இரண்டே கேள்வி கேட்டார். வெளியே எத்தனை அனுப்புகிறாய்? மூன்று. உள்ளே எத்தனை வாங்குகிறாய்? இரண்டு. சபை உச்சுக் கொட்டியது.

"கேட்டீர்களா?" என்றார் மருதவாணர். "தானாக வந்து சேரும் செல்வத்தை நாம் சோறு போட்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோம். மூன்று கொடுத்து இரண்டு வாங்குகிறோம். இதற்குப் பெயர் நிர்வாகம் என்றால், அடிமைத்தனத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்."

நாட்டின் உணவில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு வாசலே தின்கிறது என்று உணவு மந்திரி கூட்டிச் சொன்னார். அரசர் கண்களை மூடித் திறந்தார். அதுவே ஆணை. உப்புவாசல் பூட்டப்பட்டது. உப்பு அகநாட்டின் குடிமகன் என்று அறிவிக்கப்பட்டது. அதை வெளியேற்றுவது பற்றிப் பேசுவதே குற்றம் ஆனது. அந்தக் கவளங்கள் கைதட்டுகிறவர்களுக்குப் போயின.

வஞ்சிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அன்று நெடுநாளைக்குப் பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கித் தலை சீவினாள்.

உப்பு எங்கே சேர்கிறதோ அங்கே நீர் போகும். இது சட்டம் அல்ல, ஆகவே சபை அதை விவாதித்திருக்கவில்லை. காவலில்லாத வாசல்கள் வழியே புறநீர் சத்தமில்லாமல் வந்தது. நாடு பருக்கத் தொடங்கியது. மதிலிலிருந்து மதிலுக்கு அளந்து பார்த்த அதிகாரிகள் திகைத்துப்போய் மறுபடி அளந்தார்கள். நாடு அகன்றிருந்தது. வரலாற்றிலேயே இல்லாத அகலம். சந்திகளில் முரசு அறைந்து சொன்னார்கள். சனங்கள் சர்க்கரை வழங்கினார்கள்.

அந்தச் சர்க்கரை இனிக்கவில்லை. அகநீர் நீர்த்துப்போயிருந்ததால் எதிலும் ருசி குறைந்துகொண்டே வந்தது. அடுத்த வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்பதற்கு நேரமாயிற்று. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் தூரத்தில் சிறுத்துத் தெரிந்தாள். கை அசைத்தாளா, அழைத்தாளா என்று சொல்ல முடியவில்லை. மதிலில் முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதற்குள் கால்விரல்கள் அசைந்தன. பார்த்தவர்கள் அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேந்தன் வாசல் பக்கம் வந்தான்.

"என்ன, கை சும்மா இருக்கு? தொரத்திட்டாங்களா?"

"வாசலையே பூட்டிட்டாங்க. சோத்தையும் நிறுத்திட்டாங்க."

"அப்ப எளச்சுருவ."

"நாடு பெருக்குதுல்ல. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

அவன் சிரித்தான். முன்பெல்லாம் அடுத்தவன் தோள் இடித்து அவனை உடனே தள்ளிக்கொண்டு போகும். இப்போது இருபுறமும் இடைவெளி. அவன் வெகுநேரம் அங்கேயே மிதந்தான். போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வஞ்சி, கால்ல ஈரம் படுது."

அவள் கிண்டல் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. மதிலில் இருப்பவர்கள் எதை வைத்து வேண்டுமானாலும் கிண்டல் செய்வார்கள், அதை வைத்துச் செய்ய மாட்டார்கள்.

நடுவில் தேர்தல் வந்தது. ஒரு கட்சி நாட்டை அகலமாக்குவோம் என்றது. மற்றது இன்னும் அகலமாக்குவோம் என்றது. மதிலில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான், மதில் உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது. இன்னும் அகலமாக்குவோம் என்றவர்கள் வென்றார்கள். மந்திரிகள் மாறவில்லை. அவர்கள் தேர்தலுக்கு முன்பே கட்சி மாறியிருந்தார்கள்.

இடைவெளிகளைப் பற்றிய புகார்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. மருதவாணர் மதிலை நேரில் பார்வையிட்டார். காரணத்தையும் கண்டுபிடித்தார். மதில் நகர்கிறது. நகர்கிற காவலன் எப்படிக் காவலன் ஆவான்? இன்று இங்கே நிற்பவன் நாளை எங்கே நிற்பான் என்று தெரியாத நிலையில் அவனது விசுவாசத்தை எப்படி அளப்பது? ஆகவே மெழுகு காய்ச்சப்பட்டது. கால்களுக்கு நடுவே ஊற்றினார்கள். மதில் இருந்த இடத்தில் உறைந்தது.

மறுநாள் காலையில் அகநாடு எழுந்தபோது எதுவோ குறைந்திருந்தது. எதுவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. முனகல் நின்றுபோயிருந்தது.

வஞ்சி கணவனைத் தேடி மதிலோரமாக நடந்தாள். இனி அவன் அவளிடம் வரப்போவதில்லை, அவள்தான் போக வேண்டும். நாடு அகன்றிருந்ததால் நடை முடியவே இல்லை. முகங்கள் மெழுகில் பதிந்து பளபளத்தன. வாய்கள் பாதி திறந்திருந்தன. கண்கள் மட்டும் அசைந்தன. அவள் கடந்துபோகப் போக அவை அவளைப் பின்தொடர்ந்தன. அவள் கண்ணுக்குக் கண் பார்த்துத் தேடினாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தாள். பதில் வந்தது அரண்மனைக்குப் பின்புறத்திலிருந்து.

அங்கே ஒரு துண்டு மதில் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக்குள் ஆட்கள் பழையபடி நகர்ந்தார்கள். சுற்றிலும் மெழுகு. நடுவில் சேந்தன்.

"எங்களுக்கு மட்டும் ஊத்தல," என்றான். "கேட்டா, இந்த எடத்துல மதில் வளையணும்னாங்க."

"எதுக்கு வளையணும்?"

"யாரு சொன்னா? கால் காஞ்சிருக்கு. அது போதும்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவனை வெளியே எடுத்துத் தரும்படி அவள் மந்திரியிடம் மன்றாடப் போனாள். மருதவாணர் பொறுமையாகக் கேட்டார். அவர் எப்போதும் பொறுமையானவர். மதிலிலிருந்து ஒருவனை எடுத்தால் அதற்குப் பெயர் கருணை இல்லை, ஓட்டை என்றார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுழற்றும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லையே என்று விசாரித்தார். இல்லை ஐயா என்றாள். நல்லது, கூப்பிட்டு அனுப்புகிறேன் என்றார்.

அகலத் திருநாள் அன்று கூப்பிட்டு அனுப்பினார். சனங்கள் எல்லோரும் மைதானத்தில் திரண்டிருந்தார்கள். மதில் இழுபட்டு மெலிந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு ஆகியிருந்தது. அதன் மறுபுறத்தில் பெரிய நிழல்கள் மெதுவாகக் கடந்துபோயின. அவை அகநாட்டின் பெருமையைக் காண வந்த விருந்தினர்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். அவ்வப்போது எங்கோ மெழுகு விரிசல் விடும் சத்தம் கேட்டது. வெடி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அரண்மனைக்குப் பின்புறம் அந்தத் துண்டு மதில் வெளிப்பக்கமாக வளைந்து ஒரு பைபோல ஆகியிருந்தது. அதற்குள் அரசரின் ஆசனம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. உணவு மந்திரி சோற்று மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தார். பையின் ஓரத்தில் புதிதாக ஒரு சுழலறை. அதற்கு ஒரு கதவு.

"ஏறு," என்றார் மருதவாணர். "உப்பு சேரவிடக் கூடாது. சேர்ந்தால் வீங்கும்."

மழை வந்தால் நனையும் என்பதுபோல அவர் அதைச் சொன்னார். வஞ்சி ஏறாமல் கேட்டாள்.

"ஐயாவுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா இத்தனை வருடம் மந்திரியாக இருக்கிறேன்?"

"அப்ப இங்க மதில் நகருமா?"

"நகராத மதிலை நம்பி யாராவது குடியிருப்பார்களா, அம்மா?"

அவள் மைதானத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே இருந்தவர்கள் அரிசி அளவுக்குத் தெரிந்தார்கள். அவர்களில் எதிர்வீட்டுக்காரி யார் என்று தேட முடியவில்லை. இவங்களுக்கெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"அவர்கள் அகலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்," என்றார் மருதவாணர். "மக்கள் தீர்ப்பை மதிக்க வேண்டாமா?"

பையின் கழுத்து இறுகிக்கொண்டிருந்தது. அது மூடியதும் பை நாட்டிலிருந்து கழன்றுவிடும். அதில் இருந்த முகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தன. சேந்தனின் முகம் அவற்றின் நடுவே இருந்தது. அவன் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பூட்டிய பழைய வாசலின் சாவி எங்கே என்று அவள் கேட்டிருக்கலாம். ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம். மைதானம் வெகுதூரம். போய்ச் சேர்வதற்குள் கழுத்து மூடிவிடும், அவன் முகம் அந்தப் பக்கம் போய்விடும்.

"என்ன செய்யட்டும்?" என்றாள் அவனிடம்.

"இங்க ஈரமில்ல, வஞ்சி," என்றான் சேந்தன். அவ்வளவுதான் சொன்னான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அவள் ஏறினாள். மதில் வெளிப்பக்கம் புடைப்பதை மைதானத்தில் யாரோ கவனித்துச் சுட்டிக் காட்டினார்கள். நாடு மேலும் ஒரு பக்கம் அகல்கிறது என்று அறிவிப்பாளர் சொன்னார். கைதட்டல் அலையலையாக வந்தது.

சுழலறைக்குள் கைப்பிடி புதிது. எண்ணெய் மணம் வந்தது. அவள் உள்ளே போனதும், கூடவே பைக்குள் வந்திருந்த மருதவாணர் கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கமாகப் பூட்டினார்.