ஏரியல் பிடித்த கை

தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகளில் மனிதர்கள் இரண்டு வகை. ஒருவர் கூரைமேல் நின்று ஏரியலைத் திருப்புவார். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "வந்திருச்சு, வந்திருச்சு... ஐயோ போயிருச்சு!" என்று கத்துவார். மலேசியாவின் சிரம்பானில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த இரண்டு வேலைக்கும் நான் லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் ஏரியல் பக்கம் போனாலே, "அப்பாவப் புடிங்க, மறுபடியும் பட்டாளத்துல சேந்துடப் போறாரு!" என்பாள் மூத்த மகள். மருமகன் முதற்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானே அந்த இடத்தில் இருந்தால் தரையில் புரண்டு சிரித்திருப்பேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் லிங்கி ஆற்றோர ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி. ஆபீசில் எழுத்து வேலை. தலை நிறைய எண்ணெய், வாய் நிறையப் பேச்சு, மேலுக்கு ஒரே ஒரு சட்டை. (அதுவும் வலது அக்குளில் கிழிந்தது. துணிக்குப் பஞ்சமான காலம். இந்தக் கிழிசலை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.) வெள்ளைக்கார துரை ஓடிப்போய்விட்டார். அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியிருந்தார்.

அந்த நாளில் எங்கள் எல்லாருக்கும் ஒரே பயம்தான்: சயாம். ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று லோரி வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அகப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது. அடுத்த லோரியில் கணக்கு எழுத ஒரு கிராணியும் போகவேண்டும் என்று பேச்சு அடிபட்டது. பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். அவரை அனுப்பமாட்டார்கள். மிச்சம் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் அதிகாரி எங்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம் அது. சிங்கப்பூரிலிருந்து இந்தியத் தலைவர் ஒருவர் ரேடியோவில் பேசப்போகிறாராம், தோட்டத்து ஜனம் முழுக்கக் கேட்டாக வேண்டுமாம். துரை விட்டுப்போன ரேடியோ இருக்கிறது. ஏரியல் கட்டத் தெரிந்தவன் யார்?

என் கை தானாக மேலே போனது. கைத்தொழில் தெரிந்தவனைச் சயாமுக்கு அனுப்பமாட்டார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், துரை பங்களாவுக்குக் கடிதம் கொண்டுபோனபோது ஒருமுறை அதன்மேல் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன் என்பதுதான். சூடாக இருந்தது.

பெரிய கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உமக்கு உண்மையா ரேடியோ தெரியுமோ?"

"தெரியுங்க ஐயா. அதுல என்னங்க இருக்கு."

"நல்லது. ரேடியோ பேசாட்டி அடுத்த லொறியில நீர்தான் எண்டு அவர் சொல்லிப்போட்டார். உமக்குச் சொல்லச் சொன்னவர்."

ஆக, எதற்குப் பயந்து கையைத் தூக்கினேனோ அதிலேயே தலையைக் கொடுத்திருந்தேன்.

ரேடியோவுக்கு ஒரு கார் பேட்டரி கிடைத்தது. செம்புக் கம்பிதான் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் ஜப்பான்காரர்கள் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்குவதற்குச் சின்னதாக ஒரு கம்பி கட்டியிருக்குமே, அது தோட்டம் பூராவும் இருக்கிறதே! பால் வெட்டும் பெண்களிடம் கேட்டேன். அவர்கள் கூடை கூடையாக மங்குக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கொட்டினார்கள். கொண்டுவந்தவர்களில் காத்தாயி என்றொரு பெண். அவளுடைய அண்ணனை முந்தின லோரியில்தான் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இத்தினிக்கூண்டு கம்பியெல்லாம் சேந்து பேசுமா கிராணி?" என்றாள்.

"பாரு நீ," என்றேன். எனக்கு அப்போது வாய் மட்டும் குறையவில்லை.

ஒன்றோடொன்று முறுக்கி முறுக்கி, நீளமான கம்பியாக்கி, இரண்டு மரங்களுக்கு நடுவே உயரத்தில் கட்டி, நுனிக்கு ஆள் நீளத்தில் ஒரு துணிக்கொடிக் கம்பியைச் சேர்த்து, கீழே இறக்கி ரேடியோவில் சொருகினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பேச்சு நாள் வந்தது. ஜனம் களத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. முன் வரிசை நாற்காலியில் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் சிரம்பானிலிருந்து வந்த இந்திய விடுதலைச் சங்கத்துக்காரர், மடியில் ரோஜா மாலையோடு. ரேடியோவைத் திருகினேன். கருவாடு பொரிக்கிற சத்தம் வந்தது.

கம்பியை இன்னும் உயரத்தில் கட்டினேன். கருவாடு. பூமியில் இரும்புக் குழாயை அடித்து அதற்கு ஒரு கம்பி கொடுத்தேன். கருவாடு. ஈரம் போதாது என்று யாரோ சொல்ல, குழாயைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். ரேடியோவைச் சிங்கப்பூர் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார் பெரிய கிராணி. அதையும் செய்தேன். பெட்டியின் முதுகு ஜனத்துக்கும் முகம் ஆற்றுக்குமாக ஆனதைத் தவிர வேறு பலனில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு லோரிச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது.

ஆத்திரத்தில் ரேடியோவிலிருந்து தொங்கிய கம்பியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினேன். மேலே போன கம்பியிலிருந்து முறுக்கு அவிழ்ந்து, நுனித்துண்டு மட்டும் ரேடியோவில் சொருகியபடியே என் கையில் நின்றது. அதே நொடியில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மனிதர் பேசினார்!

திகைத்துக் கையைக் கீழே விட்டேன். மனிதர் போய்விட்டார். தூக்கினேன். வந்தார். இன்னும் தூக்கினேன். தலைவர் பேச்சின் தமிழ் மொழிபெயர்ப்பு கணீரென்று கேட்டது.

"அப்பிடியே நில்லும்!" என்று கத்தினார் பெரிய கிராணி. "அசையாதையும்!"

பால் வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு என்னை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். வலது கையில் கம்பியோடு, கையை வானத்துக்கு நீட்டி, கிழிந்த அக்குளை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நின்றேன். தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். என் கையில் முதலில் வலி இருந்தது, பிறகு கையே இல்லை. கிழிசல் வழியாக ஒரு சிவப்பெறும்பு உள்ளே போய் நிதானமாக இடம் பார்த்தது. கொஞ்சம் நெளிந்தேன், தலைவர் கருவாடாகிவிட்டார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். எறும்பைக் கடிக்க விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

கடைசியில் ரேடியோவிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. நாட்டின் விடுதலைப் படையில் சேர யார் வருகிறீர்கள்? சங்கத்துக்காரர் துள்ளி எழுந்தார். "வர்றவங்க கை தூக்குங்க!"

களத்தில் தூக்கிய நிலையில் ஒரே ஒரு கை இருந்தது.

இறக்கியிருக்கலாமே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ரேடியோ இன்னும் பேசிக்கொண்டிருந்தது, அதிகாரி இன்னும் உட்கார்ந்திருந்தார். இறக்கினால் சயாம், இறக்காவிட்டால் பட்டாளம். நான் அசையாமல் நின்றேன்.

"பாத்தீங்களா!" சங்கத்துக்காரருடைய குரல் தழுதழுத்தது. (ரேடியோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தபோது மனிதர் எழுந்துபோய் நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், பாவம். என் கைதான் ஏரியல் என்பது அவருக்குத் தெரியாது.) "கேக்கறதுக்கு முன்னாடியே கை தூக்கி நிக்கிறாரு! ஆரம்பத்துலேருந்து எறக்கவே இல்ல!" என்று சொல்லி மாலையைப் போட வந்தார். அது நீட்டியிருந்த கையில் மாட்டி, தோள்வரை இறங்கி, அங்கேயே தொங்கியது.

அப்போதுதான் இரண்டாவது கை எழுந்தது. காத்தாயி. அவளைப் பார்த்து இன்னும் சிலர்.

பேச்சு முடிந்தது, எல்லாரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் வாளிமேல் நின்றுகொண்டிருந்தேன். காத்தாயி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "முடிஞ்சிருச்சு கிராணி. கைய எறக்குங்க." அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

என்னைச் சிரம்பான் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். ரேடியோ தெரிந்தவன் என்று போட்டிருந்ததால் (அந்தப் பொய் என்னை விடவேயில்லை) தகவல் பிரிவில் சேர்த்தார்கள். முதல் பாடமே, கம்பியை இணைக்குமுன் நன்றாகச் சுரண்டிப் பளபளப்பாக்கு என்பதுதான். கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. மங்குக் கம்பி ஒவ்வொன்றின்மேலும் பால் சிந்திக் காய்ந்து தோலாகப் படிந்திருக்கும். ரப்பருக்குள் மின்சாரம் போகுமா? நான் கட்டியது ஏரியலே அல்ல, ரப்பர் மாலை. ரப்பர் தோட்டத்திலேயே பிறந்தவனுக்கு இது உறைக்கவில்லை. அந்த நுனித்துண்டு மட்டும் ரேடியோவோடு சேர்ந்திருந்தது, மீதி ஏரியல் நானேதான்.

போர்முனைக்குப் போகுமுன் சண்டை முடிந்துவிட்டது. பெண்கள் படையிலிருந்து காத்தாயியும் திரும்பினாள். அவளுடைய அண்ணன் திரும்பவில்லை. என்னைக் கட்டிக்கொள்வாயா என்று நான் கேட்டபோது, "கைய எறக்கிட்டுக் கேளுங்க," என்றாள். பதற்றத்தில் கையை உயர்த்திக்கொண்டுதான் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை, அவள் சொல்வதுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தாலும், தண்ணீர் நின்றாலும், "அப்பா கைய எறக்கிட்டாரு" என்பதுதான் பேச்சு.

போன மாதம் காற்றில் கூரை ஏரியல் சாய்ந்துவிட்டது. பந்து விளையாட்டு நடுவில், திரை முழுக்கப் பனி. எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நான் போய்த் தொலைக்காட்சிக்குப் பின்னால் தொங்கிய ஒயரைப் பிடித்தேன். படம் வந்துவிட்டது. "எறக்காதீங்கப்பா, அப்படியே நில்லுங்க லா!" என்று வீடே அலறியது.

சின்ன மகன் சும்மா இருக்காமல் அம்மாவைச் சீண்டினான். "நீங்களும் அப்பாவப் பாத்துதான கை தூக்கினீங்க?"

வழக்கமாக அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அன்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க மாமன லோரியில ஏத்துறப்ப, வர்றியான்னு ஒருத்தனும் கேக்கல. எங்கள ஊர்லேருந்து கப்பல்ல கொண்டாந்தவனும் கேக்கல. அன்னிக்குத்தான் மொத மொதல்ல ஒருத்தரு கேட்டாரு. அதுக்குத்தான் தூக்கினேன்."

திரையில் பந்து எங்கேயோ உருண்டுகொண்டிருந்தது.

"இவுரு கைய எறக்கியிருந்தா, அந்தக் கேள்வி என் காதுல விழுந்தே இருக்காது," என்றாள். இத்தனை வருடத்தில் என் கையைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க முடியவில்லை, கையில் ஒயர்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"முடிஞ்சிருச்சு. எறக்குங்க."