பின்சில்லு உரசுவது தொடர்பாக மருமகனுக்கு

பெரியகல்லாறு,
08.10.2003

அன்பும் பண்பும் நிறைந்த மருமகன் யோகராசா அவர்களுக்கு,

மாமா வல்லிபுரம் எழுதிக்கொள்வது. கண்ணகை அம்மன் காவலில் இங்கு காரைத் தவிர எல்லோரும் சுகம். டுபாயில் நீங்களும் உங்கள் கராஜ் முதலாளியும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். மங்கையற்கரசிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. கிளினிக்கில் பிரஷர் பார்த்த டொக்டர், "இஞ்ச வெச்சிருக்க வேணாம், நோவு வந்த உடன மட்டக்களப்புக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார். இருபது மைல். கொண்டு போக வேண்டியது உங்கள் காரில். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் கோபத்தில் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இந்தத் தையில் கலியாணத்தன்று வீட்டையும் காரையும் மங்கைக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி நானும் மாமியும் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போய்விட்டோம். கார்த் திறப்பை உங்கள் கையில் வைத்தவனும் நான்தான். கொடுத்த பொருளில் பிறகு வாய் வைப்பது மரியாதை இல்லை. அதனால்தான் நீங்கள் வைகாசியில் லீவில் வந்து, டுபாயிலிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்த நாலு பெரிய சில்லு றிம்மையும் அவிழ்த்துப் பூட்டி, முப்பது வருசம் ஒரு குறையும் சொல்லாமல் என்னைச் சுமந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் முன் ஸ்பிரிங்கை இரும்பறுக்கும் வாளால் அறுத்து, பின் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட்டையும் கழற்றி எறிந்தபோது, நான் பின்வளவில் நின்று தேங்காய் உரித்தேன். அன்றைக்கு மட்டும் இருபத்தேழு தேங்காய். மாமி வந்து, "என்னகா, கடை போடப் போறீங்களா?" என்று கேட்டா. அது கோபம் என்று உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இப்ப பாருங்க மாமா, நிலத்தோட ஒட்டிப் போகும்" என்றீர்கள். போகிறது. டுபாய் ரோட்டில் அது அழகாகத்தான் இருக்கும். எங்கள் ரோட்டில் குழிக்குக் குழி போகிறது. நான் தனியாக ஓட்டினால் ஒரு சத்தமும் இல்லை. பின் சீற்றில் ஒரு ஆள் ஏறினால் போதும், பின்சில்லு மட்காட்டின் விளிம்பில் முட்டி, 'கிர்ர்ர்' என்று ஊரைக் கூட்டும். ஆவணியில் நம் கோயில் வண்ணக்கர் வினாயகமூர்த்தியை ஒரு கலியாணத்துக்கு ஏற்றிப் போனேன். அவருடைய உடம்பு உங்களுக்குத் தெரியும், கோயில் காரியம் பார்க்கிறவர்களில் அவரளவுக்கு இடம் பிடிப்பவர் வேறில்லை. களுவாஞ்சிகுடி தாண்டவில்லை, ரயர் தீய்ந்த மணம் காருக்குள் வந்துவிட்டது. "வல்லிபுரம், எரியுதுகா!" என்று கத்திக்கொண்டு, ஓடுகிற காரின் கதவைத் திறந்து, பட்டு வேட்டியோடு மனிதர் வாய்க்காலுக்குள் பாய்ந்துவிட்டார். அவர் இறங்கிய உடனே சத்தம் நின்றுவிட்டது. அதை நான் அவரிடம் சொன்னதுதான் பிழை. இரண்டு மாதமாக என்னைக் கண்டால் முகத்தை மறுபக்கம் கிறுக்கிக்கொண்டு போகிறார்.

வாய்க்கால் கூடப் பரவாயில்லை, சோதனைச் சாவடிதான் என் உயிரை எடுக்கிறது. யுத்தநிறுத்தம் என்று பேர் வைத்து இருபது மாதமாகிறது, சாவடி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்து, ஊருக்குத் திரும்புகிறவர்களை விட்டுவிட்டு மட்டக்களப்புக்குப் போகிற வாகனத்தை மட்டும் மறிக்கிறது. அங்கே நிற்கிற ஆமிக்காரர்களுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும்: கார் பதிந்திருந்தால் உள்ளே பாரமான சாமான் இருக்கிறது. முதல் நாள் பின்சீற்றைக் கழற்றினார்கள், ஒன்றுமில்லை. டிக்கியைக் கிண்டினார்கள், ஒன்றுமில்லை. கண்ணாடி கட்டிய தடியை அடியில் விடப் பார்த்தார்கள், தடி போக இடமில்லை. ஒன்றுமில்லாமல் ஒரு கார் எப்படிப் பதியும் என்று அவர்களுக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். கடைசியில் சார்ஜன்ட் பண்டாரவுக்கு, மருமகன் வேண்டுமென்றே ஸ்பிரிங்கை அறுத்தார் என்று கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினேன். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்து, தமக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, ஒங்க மருமகன் பைத்தியமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மன்னிக்கவும். அன்றிலிருந்து அவர்கள் எல்லோருக்கும் அது 'மருமகன் கார்'. பெயர் வைத்தார்களே தவிர, இறக்கிப் பார்ப்பதை ஆறு கிழமை விடவில்லை. போன மாதத்திலிருந்துதான், தூரத்தில் 'கிர்ர்ர்' கேட்டாலே அலுத்துப்போய், ரோட்டை மறித்த தடியைத் தூக்கி விடுகிறார்கள்.

நீங்கள் கடிதத்தில் சொன்ன வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். "மட்காட்டின் உள் விளிம்பை மடித்து விடுங்கள் மாமா, ஒரு உருளைக் கட்டையை ரயருக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்துக் காரைத் தள்ளினால் தானாக மடியும்" என்று எழுதியிருந்தீர்கள். உருளைக் கட்டைக்கு எங்கே போவது? மாமியின் உலக்கையை எடுத்தேன். மாமிக்குச் சொல்லவில்லை. இரண்டு பேர் தள்ள, விளிம்பு நன்றாகத்தான் மடிந்தது, உரசல் மட்டும் போகவில்லை. உலக்கையைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். மறுநாள் மாமி அதே உலக்கையால் மா இடித்து, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசையாகப் பிட்டு அவித்தா. மங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, பிட்டு ரயர் மணக்குது" என்றாள். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத இந்தத் தாள் போதாது.

அதுக்கு மறுகா, நோவு வருகிற நாளில் கார் தாங்குமா என்று பார்க்க ஒரு ஒத்திகை வைத்தேன். மங்கைக்கு ஒரு நெல்லு மூட்டை, மாமிக்கு ஒன்றேகால் மூட்டை என்று கணக்குப் போட்டுப் பின்சீற்றில் ஏற்றினேன். மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "அந்தக் கால் மூட்ட என்னத்துக்கு?" என்று கேட்டா. அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு என் கையால்தான். ஒத்திகையும் பிழையாய்ப் போனது. படுவான் கரைக்குக் கிறுகுகிற சந்திவரை ஒரே உரசல், திரும்பி வந்து பார்த்தால் ரயரில் விரல் அகலத்துக்குத் தோல் இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சிரிப்பதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரே பிள்ளை. நோவோடு அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது நடு ரோட்டில் ரயர் வெடித்தால் நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய சில்லைப் பூட்டலாம் என்று ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினேன். நாலையும் நீங்கள் அப்துல் மஜீதிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா? அவர் இரண்டை மாட்டு வண்டிக்குப் பூட்டிவிட்டார், மற்ற இரண்டும் மகனின் வண்டியில். நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார். "கழட்டித் தாறன் அண்ணன், ஆனா வெள்ளாமை வெட்டி முடியட்டும். இப்ப கழட்டினா வெத நெல்லு வயல் வட்டைக்குப் போகாது" என்றார். வெள்ளாமை முடியப் பிள்ளை தவழும்.

ஆகவே மருமகன், நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். உங்கள் அனுமதி வரும்வரை பொறுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை மட்டக்களப்பில் கொன்ராட்டின் கராஜுக்குக் கொண்டு போனேன். கொன்ராட் பறங்கிக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். காரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இத அறுத்தவன் நல்ல வேலைக்காரன், ஆனா மட்டக்களப்ப மறந்துட்டான்" என்றான். ஒரு பழைய வான் வண்டியின் ஸ்பிரிங்கை முன்னுக்கும் நாலு பிளேட்டைப் பின்னுக்கும் போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டான். றிம் உங்களுடையதுதான், அதில் கை வைக்கவில்லை. இப்போது மூன்று பேர் ஏறினாலும் ஒரு சத்தமில்லை. கொடுத்த பொருளில் கை வைத்ததற்குப் பெரியவனாக இருந்தும் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் லீவில் வந்தால் தயவுசெய்து காரின் பக்கம் போக வேண்டாம். வேலை செய்ய ஆசையாக இருந்தால் கிணற்றுக் கப்பி இருக்கிறது.

மாமியும் மங்கையும் அன்பு சொல்லச் சொன்னார்கள். அம்மன் உங்களையும் உங்கள் கைகளையும் காப்பாற்றுவாளாக. கைகளை முக்கியமாக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும் மாமா,
சி. வல்லிபுரம்

பி.கு. (11.10.2003): இதைத் தபாலில் போட நேரம் கிடைக்கவில்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு மங்கைக்கு நோவு வந்துவிட்டது. அவளும் மாமியும் பின்னால், கிளினிக் மிட்வைஃப் நபீஸா முன்னால். கார் பூப்போல ஒரு சத்தமில்லாமல் ஓடியது. கொன்ராட்டை வாழ்த்திக்கொண்டே சோதனைச் சாவடிக்கு வந்தேன். மறித்துவிட்டார்கள். சத்தமில்லாமல் உயரமாக வந்த காரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு இன்னும் மோசம். சார்ஜன்ட் பண்டார இடுப்பில் கை வைத்து, "போன கெழம வரைக்கும் பதிஞ்சி இருந்திச்சி, இப்ப ஒசந்திருக்கு. உள்ள இருந்த சாமான எங்க எறக்கின?" என்று கேட்டார். மங்கை கத்துகிறாள், மாமி அழுகிறா, நபீஸா, "புள்ள இஞ்சயே பொறக்கும், பாத்துக்கங்க" என்று அவர்களை ஏசுகிறா. நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அப்போது பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற வண்ணக்கர் வினாயகமூர்த்தி, மங்கையின் குரல் கேட்டு, என்னோடு இருந்த கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்து, "நம்மட புள்ளகா!" என்று கதவைத் திறந்து பின்சீற்றில் ஏறிவிட்டார். அவருடைய பாரத்துக்குக் கார் பழையபடி பதிந்தது. ஓரமாக எடு என்று சார்ஜன்ட் கை காட்ட, ஒரு முழம் உருட்டினேன். 'கிர்ர்ர்!'

சாவடியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில், "ஆ, மருமகன் கார்!" என்றார்கள். தடி மேலே போய்விட்டது. ஒருவன் மோட்டர் சைக்கிளில் முன்னால் போய் வழி விலக்கித் தந்தான். பதினொன்றே முக்காலுக்கு உங்களுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். நான் வெளியே வந்து, மட்காட்டில் கை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நாளைக்கே கொன்ராட்டிடம் போய்க் காரை நீங்கள் விட்ட மாதிரியே திரும்பப் பதிக்கச் சொல்கிறேன். ரயர் தேயாமல் சத்தம் மட்டும் இருக்கச் செய்யலாமா என்று நேற்றே அவனிடம் கேட்டேன், அதற்கு வழியில்லையாம். பரவாயில்லை, தேயட்டும். நீங்கள் பிள்ளையைப் பார்க்கக் கெதியில் வாருங்கள். சார்ஜன்ட் பண்டாரவும் உங்களைப் பார்க்க வேண்டுமாம். திரும்பி வரும்போது, "ஐயா, ஒங்க மருமகன் பைத்தியமா?" என்று மறுபடியும் கேட்டார். இந்த முறை உடனே இல்லை என்று சொல்லிவிட்டேன்.