ஒரு குளவி, இரண்டு கன்னங்கள்

அறிவியலுக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. நான் கொடுத்தது கன்னம். அதுவும் இரண்டையும்.

மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான். அந்தத் தலைக்கனத்தோடு தோட்டத்து மருத்துவமனையில் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பட்டணத்து ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளர் வேலை காலியானது. "நொச்சிச் சாறு வீக்கத்தை வற்றவைக்கிறதா என்று சோதித்துக்கொண்டு வா, பார்க்கலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். தேறினால் வெள்ளைக் கோட்டு. இல்லையென்றால் ஆயுசுக்கும் புட்டி.

சோதிக்க வீக்கம் வேண்டுமே! கண்ணாடிப் புட்டியில் ஒரு குளவியைப் பிடித்தேன். கையில் கொட்டவிட்டால் இரவல் சட்டையைச் சுருட்டிக் காட்ட வேண்டும் (இஸ்திரி என்னாவது?). ஆகவே கன்னம். இடப்பக்கம் ஒரு கொட்டு, வலப்பக்கம் ஒரு கொட்டு. இடதில் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்த சாறு. வலதில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர்.

விடிந்தபோது வலது கன்னம் எலுமிச்சை. இடது கன்னம் பப்பாளி.

காட்டுக் கம்யூனிஸ்டுகளைத் தேடி வழியெல்லாம் சோதனை நடந்த அவசரகாலம் அது. பட்டணம் போகும் வழியில் பஸ்ஸை மறித்த மலாய்க் காவலர் என் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"இனி சியாப்பா?" யார் இது என்கிறார். (எனக்கே தெரியாது!)

பக்கத்தில் உட்கார்ந்து என் சோதனைக் கதையைக் கேட்டுவந்த எங்கள் தோட்டத்து மளிகைக்கடை பாய் சட்டென்று தொப்பியைக் கழற்றி என் பப்பாளியை மூடி, மலாயில் கெஞ்சினார். காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ சொல்லி அட்டையை நீட்டினார்.

"பாதி நீதானாம், தம்பி! மீதியையும் கூட்டிட்டுப் போகச் சொல்றார் லா!" என்றார் பாய். "மருந்து எந்தப் பக்கம் பூசினே?"

காட்டினேன். பஸ்ஸே சிரித்தது.

"அடப்பாவி! டாக்டர்கிட்ட சின்னப் பக்கம்னு சொல்லிடு. வேலை உனக்குத்தான்!"

வழியெல்லாம் அதையே ஒத்திகை பார்த்தேன்.

டாக்டர் என்னை ஒருமுறை சுற்றிவந்தார். "எந்தக் கன்னத்தில் மருந்து?"

சுவரில் வெள்ளைக் கோட்டு தொங்கியது. என் விரல் வலப்பக்கம் கிளம்பி, மூக்கருகே தயங்கி, இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"பெரிசிலதான், ஐயா."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மருந்து தோற்றுவிட்டது. நீ திங்கட்கிழமை வா. குளவியைக் கூட்டிவராதே!"

பாய் என் கல்யாணப் பந்தியிலேயே இதை அவிழ்த்துவிட்டுப் போனார். இன்றும் மீன் வாங்கப் போய்த் தேநீர்க்கடையில் உட்கார்ந்துவிட்டு, "பசார்ல ஒரே கூட்டம்" என்று நான் ஆரம்பித்தால், மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பாள்:

"எந்தக் கன்னம்?"

என் கை தானாக இடப்பக்கம் போய்விடும்.