எட்கார்தோவின் கண்ணாடிக் கடலும் ஆறாம் திணையும்

உப்பின் செறிவு காட்டும் கண்ணாடிக் குழலே, முதற்கண் உன்னைத் தொழுதேன்; என் சொல் கரை தளும்பாமல் காப்பாயாக.

வாழ்க எட்கார்தோ! புவேர்ட்டோ ரிக்கோவின் தென்மேற்குக் கரையில் உப்பளக் காற்று வீசும் சிற்றூரில் எவ்விடத்தில் எது இருக்கலாமென வகுக்கும் மனைப்பிரிவு அதிகாரி வாழ்க! வரைபடச் சுருளேந்திய வலக்கையன், அளவுநாடா தொங்கும் இடைக்கச்சையன், குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்போரைக் கனவிலும் விடாது துரத்திய கடுங்கண்ணன், கோழிகளாலும் அவற்றின் உரிமையாளர்களாலும் நனவில் ஒருமுறைகூட மதிக்கப்படாத மாவீரன் வாழ்க!

அம்மாவீரன் நட்ட பலகைகளை ஊர் எவ்வாறு போற்றியது என்பதை எண்ணினால் கல்லும் கசியும். ‘வீடுகள் மட்டும்’ என்று அவன் நட்ட பலகையின் கீழ் டயர்க் கடை முளைத்தது. கடைக்காரன் அப்பலகையிலேயே பழைய டயர்களை மாட்டிக் காயவைத்தான். ‘மீன்பிடிப் படகுகள் மட்டும்’ என்ற துறையில் பொரித்த பலகாரக் கடைகள் அணிவகுத்தன. எட்கார்தோவே அங்கு நின்று நண்டுப் பலகாரம் தின்றதைக் கண்டவர் உண்டு, ஆயினும் அது ஆய்வுப் பணி என்று அவன் அறிவித்துவிட்டான். மண் தன்னை மதியாது எனத் தெளிந்த அன்றுதான் அவன் தன் பார்வையை நீரின்மேல் திருப்பினான்.

நிலத்தை ஐந்தாகப் பகுத்தவர் நம் முன்னோர். நீரை ஐந்தாகப் பகுத்தவன் எட்கார்தோ. சாப்பாட்டு அறையின் சுவர் முதல் சுவர் வரை நீண்ட கண்ணாடித் தொட்டிக்குள், இயற்கை தன் பவளத்திட்டில் எதை எங்கே வைத்ததோ அதை அங்கேயே வைப்பேன் என்று சூளுரைத்து, நுரை பொங்கும் அலைமுகட்டையும், வண்ணம் பூத்த பவளச் சரிவையும், கடற்புல் அசையும் அமைதிக் காயலையும், கன்றொன்று வேர்க்கால் ஊன்றி நிற்கும் அலையாத்தித் துறையையும், ஒளி புகாப் பஞ்சுயிர்கள் வாழும் இருட்குகையையும் அவன் படைத்தான். அலைமுகட்டுக்கு அலை வேண்டுமே என்று, தொட்டிக்கு மேலே ஒரு பெரும் வாளியைத் தொங்கவிட்டு, அதன் அடியில் கழிப்பறைத் தொட்டியின் அடைப்பானைப் பொருத்தினான். வாளி நிறையும், அடைப்பான் திறக்கும், வானம் இடிந்தாற்போல் நீர் அலைமுகட்டின்மேல் பாயும், மிகுந்த நீர் ஓரத்துப் பல்வரிசைத் துளை வழியே கீழே அலமாரிக்குள் இருந்த தொட்டிக்கு இறங்கி, பம்பால் மீண்டும் வாளிக்கு ஏறும். பகலெல்லாம் ஓயாத இப்பேரோசையைச் சுவருக்கு அப்பால் கேட்ட பக்கத்து வீட்டு எலியேசர், அக்குடும்பத்தின் வயிற்றுநிலை கண்டு நெஞ்சுருகி, கொய்யா இலைக் கஷாயம் காய்ச்சி நாள்தோறும் அனுப்பிவைத்தார். எட்கார்தோ அதை மறுக்காமல் குடித்தான். விளக்கம் சொல்வதைவிட அது எளிது.

இக்கடலுக்கு இடம் தந்து நாடுகடந்தது சாப்பாட்டு மேசை. அது வெளியே கார் நிறுத்தும் கூரைக்கொட்டகையில், ஸ்பேர் டயருக்கும் மின்வெட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டருக்கும் இடையே தஞ்சம் புகுந்தது. எட்கார்தோவின் மனையாட்டியும், பள்ளியொன்றில் கணிதம் புகட்டுபவளும், பொறுமையை வகுத்தால் மீதி வராதவளுமாகிய சொராய்தா, மழைக்காலம் முழுதும் அங்கமர்ந்து பெட்ரோல் மணக்கும் சோறும் அவரையும் உண்டாள். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எட்கார்தோ, ஞாயித்துக்கிழமை உன் மீன்தொட்டிச் சங்கத்து ஆளுங்க வர்றாங்கல்ல? தொட்டியப் பார்த்து, எது எந்த இடம்னு அவங்களே சொல்லட்டும். சொல்லிட்டாங்கன்னா கடல் உள்ளயே இருக்கட்டும். சொல்லலைன்னா மேசை உள்ள வருது.”

எட்கார்தோ வாய் திறந்தான்.

“நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. உன்னைத் தெரியும் எனக்கு. பேசிப் பேசியே ஒத்துக்க வெச்சுருவ.”

பேசக்கூடாது என்றாள், எழுதக்கூடாது என்றாளில்லை. எட்கார்தோவின் உள்ளத்தில் உடனே ஐந்து பலகைகள் எழுந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை அறுத்து, நகராட்சி எழுத்தின் அதே வடிவில், திணைக்கொரு பெயர் தீட்டினான்.

இனிப் பகைவனைப் பாடுவோம். பாசி தின்னும் பணிக்கென உரிமம் பெற்ற கடைக்காரரிடம் முறையாக வாங்கி, முறையாகக் காயலில் குடியமர்த்தப்பட்ட அக்கடல் முள்ளெலி, உருவத்தில் முள் முளைத்த எலுமிச்சை, உள்ளத்தில் ஊழிக்காற்று. வெளிச்சம் பிடிக்காத அதன் குலத்துக்குக் கையில் அகப்பட்டதைத் தலைமேல் சூடிக்கொண்டு திரிவது பிறவி வழக்கம். ஊரில் நெருங்கிய கூட்டாளியை அழைப்பதுபோல் அதைக் ‘கொம்பாய்’ என்று அழைத்தாள் சொராய்தா. அதுவே எட்கார்தோவின் முதுகில் பாய்ந்த முதல் முள்.

முதற்போரில் கொம்பாய், காயலின் மென்பவளம் ஒன்றை முடியாகச் சூடி அலைமுகட்டுக்கு ஏறியது. எட்கார்தோ நீள்இடுக்கி ஏந்தி, களிற்றின் மத்தகத்தில் வேலெறிவான் போல் பாய்ந்து பவளத்தை மீட்டு, பசை இட்டு அதன் பாறையிலேயே ஒட்டினான். இரண்டாம் போரில் அது குகையின் சிப்பியைச் சூடி அலையாத்திக்குப் போயிற்று. எட்கார்தோ இழுத்தான், அது தன் ஆயிரம் குழாய்க்கால்களால் இறுக்கிற்று, இடுக்கி வளைந்தது. வெற்றி யாருக்கெனச் சொல்ல வேண்டுவதில்லை, சிப்பி அலையாத்தித் துறையில்தான் கிடந்தது.

“பாவம், வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கறான்,” என்றாள் சொராய்தா.

“தொப்பியில்ல அது. அத்துமீறல்,” என்றான் எட்கார்தோ.

ஞாயிறு விடிந்தது. பவளமெல்லாம் ஒட்டியாயிற்று, கொம்பாய் சூடக்கூடிய சிப்பியெல்லாம் அகற்றியாயிற்று, பலகைகள் நட்டாயிற்று. ஆயினும், அந்தோ, வீரனின் விதி அவன் தொழிலிலேயே ஒளிந்திருந்தது! ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் முடியும்வரை எந்தப் பலகையையும் நிலையாக நடலாகாது என்பது அவன் அலுவலக விதி. பசைக்குழாயைக் கையில் பிடித்து நெடுநேரம் நின்ற எட்கார்தோ, விதியை மீற மனமின்றி, பலகைகளை மணலில் வெறுமனே செருகிவிட்டு, விருந்தினருக்குச் சூடான ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனான்.

அவன் வரிசையில் நின்ற வேளையில் கொம்பாய் தன் ஆட்சேபத்தைத் தெரிவித்தது.

அவன் ரொட்டியோடு திரும்பியபோது சங்கத்தார் வாயிலில் நின்றனர். முன்னே வந்தவர் சங்கத் தலைவி நெரெய்தா அம்மையார். உப்பின் அளவை நாவாலேயே சொல்பவர், பிறர் தொட்டியைப் புகழ்ந்ததாக வரலாறு இல்லாதவர். பின்னே, சங்கத்தோடு தொடர்பே இல்லாத எலியேசர், வயிற்றுநிலை விசாரிக்க வந்தவராய், வாழைக்காய் வறுவல் தட்டைக் கண்டு தங்கினார். எல்லோரும் ஒருசேர உள்ளே நுழைந்து கண்ணாடியின் முன் நின்றார்கள்.

நுரை கொந்தளிக்கும் முகட்டின்மேல் ‘அமைதிக் காயல்’ என்ற பலகை சாய்ந்து நின்றது. புல்வெளி நடுவே ‘அலைமுகடு’. இருள் சூழ்ந்த குகைவாயிலில் ‘அலையாத்தித் துறை’. அலையாத்திக் கன்றின் வேர்க்காலில் ‘பவளச் சரிவு’.

எட்கார்தோவின் நா எழுந்தது. சொராய்தாவின் புருவம் அதனினும் உயர எழுந்தது. நா அடங்கிற்று.

“இதுவா அமைதி?” என்றார் நெரெய்தா, கண்ணாடியில் தெறித்த நுரையைப் பார்த்து.

“பலகையே போட்டிருக்காங்களேம்மா,” என்றார் எலியேசர், வாய் நிறைய வறுவலோடு. “அரசாங்க ஆளு வீடு. தப்பா எழுதுவாங்களா?”

சங்கத்தார் தலையசைத்தனர். ஒருவர் குகைக்குள் எட்டிப் பார்த்து, வேரே இல்லாத புதுவகை அலையாத்தி போலும் என்று வியந்தார். இன்னொருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். ஊரில் யாரும் நம்பாத எட்கார்தோவின் பலகைகளை வாழ்வில் முதன்முறையாக அனைவரும் நம்பினர். நம்பப்பட்ட அக்கணத்திலேயே அவன் அழிந்துகொண்டிருந்தான். கொட்டகைப் பக்கம் மெல்லத் திரும்பிய சொராய்தாவின் பார்வை, மேசை உள்ளே வர வாயிற்கதவின் அகலம் போதுமா என்று அளப்பதை அவன் கண்டான்.

அப்போது எட்கார்தோ செய்ததை எவ்வுவமையால் சொல்வேன்! தான் கட்டிய கோட்டையைத் தானே இடிக்கும் வேந்தன் போல, வாழ்நாளெல்லாம் பலகை நட்ட அக்கையை, இஸ்திரி போட்ட ஞாயிற்றுச் சட்டையோடு தோள்வரை நீருள் செலுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பலகைகளைப் பிடுங்கி, ஒழுகும் நீரோடு ரொட்டியின்மேல் எறிந்தான். ஐந்தாவதைக் காணவில்லை. தேட நேரமுமில்லை. ஒரு சொல்லும் பேசாது, சொட்டச் சொட்ட ஒதுங்கி நின்று, விரிந்த கையால் கண்ணாடியைக் காட்டினான்.

அடைப்பான் திறந்தது. அலை பாய்ந்தது. எலியேசர் பதறிப்போய் கழிப்பறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெரெய்தா அம்மையார் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அங்க அலை அடிக்குது, அது முகடு. அதுக்குக் கீழ சரிவு. புல்லு ஆடுற இடம் காயல். இந்தக் கன்னு நிக்கறது அலையாத்தி. அந்த இருட்டுப் பொந்து குகை.” நிமிர்ந்தார். “இதுக்குப் போய் பலகை எதுக்குப்பா?”

எட்கார்தோ மனைவியைப் பார்த்தான். அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “சரி. சொல்லிட்டாங்க. கடல் இங்கயே இருக்கட்டும்,” என்றாள். “இப்ப பேசிக்கோ.”

அவன் பேசினான். வறுவல் தட்டு ஏறியிருந்த சிறு முக்காலியின் பக்கத்தில் நின்று, ஈரச் சட்டையோடு, நெஞ்சு நிமிர்த்தி முழங்கினான்: “அன்பர்களே! எல்லை மீறாத ஒரே ஒரு நிலம் இந்த ஊரில் உண்டு. அது இந்த அறையில் உண்டு. இங்கே எதுவும் தன் இடத்தை விட்டு ஓர் அங்குலமும்—”

முழக்கம் முடியுமுன் நெரெய்தா அம்மையார் தம் செருப்புக்காலைத் தூக்கினார். பிறகு மறுகாலையும் தூக்க முயன்றார்.

ஐந்தாம் பலகை அகப்பட்டது. தொட்டியின் ஓரத்தில், மிகுநீர் இறங்கும் பல்வரிசைத் துளையின்மேல், ‘இருட்குகை: யாரும் நுழையற்க’ என்ற வெள்ளைத் தகட்டைச் சூடி, தகட்டால் துளையை அடைத்து, முடிசூடிய மன்னனென வீற்றிருந்தது கொம்பாய். வாளி மீண்டும் நிறைந்தது; அடைப்பான் மீண்டும் திறந்தது; இறங்க வழியற்ற நீர் கரை கடந்து, அலமாரி தழுவி, எலியேசரின் கால் நனைத்து, கண்ணாடியில்லாப் புதுக் காயலாய்ச் சாப்பாட்டு அறையெங்கும் விரிந்தது.

“எட்கார்தோ,” என்றார் நெரெய்தா, நாற்காலிமேல் ஏறி நின்றபடி. “இந்த ஆறாவது இடத்துக்கு என்ன பேரு வெச்சிருக்க?”

திசையெட்டும் நடுங்க, உப்பளக் கொக்குகள் எழுந்து பறக்க, ஊரின் டயர்க் கடைகளும் கோழிகளும் பலகாரக் கடைகளும் ஒருங்கே நகைத்தாற்போல் மூன்றாம் அலையும் பாய்ந்திறங்க, மலையினும் மானத்தினும் உயர்ந்த எட்கார்தோ, வளைந்த இடுக்கியை உடைவாளென உருவி, முள்முடி மன்னனை நோக்கி இறுதிப் போருக்கு அடியெடுத்து வைத்து வழுக்கினான்.

அன்றைக்கும் அவர்கள் கார் கொட்டகையில்தான் சாப்பிட்டார்கள். உள்ளே தரை ஈரமாக இருந்தது.