சிவப்புக்குள் நின்ற முள்

பாலையூற்று,
திருகோணமலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் பாக்கியரத்தினம் அவர்கட்கு,

கோணேசர் அருளால் நாங்கள் சுகம். சுவரில் தொங்கும் என் போர்க்கப்பல் மணிக்கூடுகளும் சுகம். தங்கையை மணிக்கூட்டுப் பைத்தியத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டதாக மட்டக்களப்பு முழுக்கச் சொல்லித் திரிகிறீர்களாம். இதை வாசித்தபின் அந்த வாயாலேயே என்னை வாழ்த்துவீர்கள்.

பழைய கப்பல் சாமான் விற்கும் கிண்ணியா ஸெய்னுதீன் நானா போன மாதம் ஒரு மணிக்கூடு கொண்டுவந்தார். உலகப்போர்க் கப்பலின் வானொலி அறையில் தொங்கியதாம். முகப்பில் இரண்டு இடத்தில் சிவப்புக் கீற்று. பெரிய முள் அதற்குள் நிற்கும்வரை எந்தக் கப்பலும் பேசக்கூடாது. தாழும் கப்பல் ஏதும் கூப்பிட்டால் கேட்கவேண்டுமல்லவா? அந்தச் சட்டம் எனக்குப் பிடித்துப்போய் வீட்டிலும் போட்டுவிட்டேன். உங்கள் தங்கை அதை ராகுகாலத்தின் அண்ணன் என்று எடுத்துக்கொண்டு என்னைவிடக் கடுமையாகக் காத்தாள். பால் பொங்கினாலும் கையால்தான் காட்டுவாள்.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கௌசிகாவைப் பெண்பார்க்க ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தார்கள். பொடியன் வினோதன் தங்கமான பிள்ளை. தகப்பனார்தான் இந்த வீட்டைச் சீதனமாகக் கேட்டார். வீடு போனால் நானும் மணிக்கூடுகளும் எங்கே போவது? மாட்டேனென்றால் சம்பந்தம் போய்விடும். தலையைக் குனிந்து யோசித்துவிட்டு, ஓம் என்று சொல்ல நிமிர்ந்தால் முள் சிவப்புக்குள்! நான் கப்சிப். உங்கள் தங்கையும் கப்சிப். கௌசிகா தேத்தண்ணித் தட்டோடு மணிக்கூட்டடியில் அசையாமல் நிற்கிறாள். சம்பந்தியார் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். வினோதன் அவர் விலாவில் இடித்தான்.

"வீடு கரைச்சலெண்டா காணி தந்தாலும் காணும்."

நாங்கள் மூச்சுவிடவில்லை. இன்னொரு இடி.

"காணியும் ஏலாதோ? சரி, நகையோட முடிப்பம்."

மனிதருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. மூன்றாவது இடி பலமாக விழுந்தது.

"ஐயோ, ஒண்டும் வேணாம், பிள்ளையை மட்டும் தாங்கோ!"

முள் வெளியே வந்தது. மூவரும் ஒரே குரலில் "ஓம்!" என்று கத்தியதில் அவர் கையிலிருந்த வடை விழுந்துவிட்டது.

வீடு தப்பியது, மச்சான்! இந்த வயதில் துள்ளிக் குதிக்கிறேன். நீங்களும் ஒரு மணிக்கூடு வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இங்ஙனம்,
ஆனந்தராசா

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் நானா வந்தார். மணிக்கூட்டைப் பார்த்து, "இது முந்தி ஓடுதே, ஆரோ முள்ளைத் திருப்பியிருக்காங்க" என்றார். குசினிக்குள் சிரிப்பு. கௌசிகாவைக் கேட்டால், "சீதனக் கதை தொடங்கினதும் நான்தான் தள்ளிவிட்டனான். அம்மாவுக்கும் தெரியும். வீட்டைக் குடுத்திட்டு இதுகளையும் தூக்கிக்கொண்டு எங்கயப்பா போவீங்கள்?" என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடவும். வீட்டை அவளுக்கே எழுதிவைக்கிறேன். உங்கள் விறாந்தைச் சுவரில் ஆணி அடிக்கலாமா? கலியாணம் முடிந்த கையோடு நானும் உங்கள் தங்கையும் மணிக்கூடுகளும் அங்கேயே வந்துவிடுகிறோம்.