அரிசி டிரம்முக்கும் அம்மிக்கும் நடுவில்

உலகத்தில் புதிதாக இடம் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கப்பலேறிப் போய் அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர். இன்னொருவன் நான். ஆம்பூரில், எங்கள் சமையலறையில், அரிசி டிரம்முக்கும் அம்மிக்கும் நடுவில். அவர் இந்தியா என்று நினைத்துக்கொண்டு வேறெங்கோ போய் இறங்கினார். நான் இறங்கிய இடம் எனக்குச் சரியாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பூகோளத்தில் தோற்று நின்றவனுக்கு இது போதாதா?

எங்கள் இனத்துக்கு 'இடம் பண்ணுகிறவர்கள்' என்று பெயர். வீட்டுக்கு ஒருவராவது இருப்போம். கண்டுபிடிப்பது சுலபம். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கண்ணை மூடி மூலையைப் பார்ப்போம், சுவரை விரல் முட்டியால் தட்டுவோம், உச்சுக் கொட்டுவோம். பிறகு, "இங்க எவ்ளோ இடம் வேஸ்ட்டா போவுது பாருங்க" என்போம். கை காட்டிய இடத்தில் அந்த வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் சட்டம் ஒன்றுதான். தினமும் எடுக்கிற பொருள் கைக்கு எட்டக் கூடாது. எங்கள் வீட்டில் புளி வேண்டுமென்றால், ஆணியில் தொங்கும் குடையை எடுத்து, குடைக்குப் பின்னால் தொங்கும் வெங்காயக் கூடையை இறக்கி, அதை வைக்கத் தரையில் இடமில்லாமல் பக்கத்தில் இருப்பவர் மடியில் கொடுத்து, பரணில் ஏற ஸ்டூலைத் தேடி, அந்த ஸ்டூலையும் நான் பரணிலேயே ஏற்றி வைத்திருப்பதை அண்ணாந்து பார்த்துவிட்டு, புளி இல்லாமலே ரசம் வைக்க வேண்டும்.

"உப்பு எங்கடா?" என்பாள் அக்கா ஞானசுந்தரி.

"பத்திரமா இருக்கு."

"அது தெரியுது. எங்க இருக்கு?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எங்கள் இனம் பதில் சொல்வதில்லை.

சமையலும் சாப்பாடும் எங்களுக்கு அந்த ஒரே அறையில்தான். அப்பாவும் அக்காவும் நானும் சம்மணம் போட்டால் முட்டியோடு முட்டி இடிக்கும். அம்மா கதவு நிலையில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடி சாப்பிடுவாள். ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பகலெல்லாம் நிற்பவள். கம்பெனி பஸ்ஸிலும் பாதி நாள் நின்றுதான் வருவாள்.

"ஒக்காரேம்மா."

"இடம் எங்கடா கீது? நீங்க சாப்டுங்க."

இடம் எங்கே என்று எங்கள் இனத்தானிடம் கேட்கலாமா?

அரிசி டிரம்தான் நாற்காலி. அதன் பக்கத்துச் சுவரில், அம்மிக்கு மேலே, ஒரு மடக்குப் பலகை. வேண்டும்போது இறக்கலாம், வேண்டாதபோது சுவரோடு சாத்தலாம். பலகை, உடைந்த சரக்குப் பெட்டியிலிருந்து கழற்றியது. அதைத் தாங்க இரண்டு தோல் வார்கள், என் சிநேகிதன் நயீம் அகமது கொண்டுவந்தது. வாரைக் கொடுக்கும்போதே அவன் சொன்னான்: "தோஸ்த், பேசாம இரும்புச் சங்கிலி போடு."

"தோல் ஊர்ல பொறந்துட்டு இரும்பாடா?" என்றேன். அந்தப் பேச்சில் எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும் திறப்பு விழா. அம்மா வெட்கத்தோடு டிரம்மின்மேல் உட்கார்ந்தாள். பலகை விளிம்புக்கு நேர்கீழே, அம்மிக்கு முன்னால் தரையில், வெள்ளைச் சட்டையோடு அப்பா. சற்றுமுன்புதான் அம்மியோரம் சோற்றைக் கஞ்சி வடித்திருந்தார்கள். அந்த ஆவி முழுவதும் என் வார்களைத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பலகை மெல்ல, மிகுந்த மரியாதையோடு, அப்பாவை நோக்கிக் குனிந்தது. பலகைமேல் இருந்த குழம்பு அவர் தலையில் இறங்கியது.

"ஈரம் பட்டா தோல் நீளும்னு இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்" என்றாள் அக்கா.

அப்பா நெற்றியை வழித்துக்கொண்டே, "ஸ்கூலுக்கு ஒழுங்காப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். இல்ல, எங்கூட தோல் டேனரிக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். தொரை ரெண்டுக்கும் போவல" என்றார்.

அம்மா எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கதவு நிலைக்கே திரும்பிப் போனாள். குழம்பு கொட்டியதல்ல, அதுதான் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

மறுநாளே சங்கிலி போட்டேன். சாயங்காலம் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதியில் இரண்டு தரம் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "ஒக்காந்து சாப்டா எப்டியோ கீதுடா" என்றாள். நான் இதை அம்மாவுக்காகச் செய்ததாக நயீம் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். நம்பாதீர்கள். கேரம் போர்டு வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இந்த இனமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? உங்கள் முழங்கையும் காப்பி டம்ளரும் யாருடைய இடத்தில் இருக்கின்றன? நிமிர்ந்து ஒருமுறை கதவுப் பக்கம் பாருங்கள்.

எழுதிவிட்டு நானும் நிமிர்ந்தேன். பலகை முழுக்க என் காகிதங்கள், மைப் புட்டி, தப்பாகப் போய்க் கசக்கிய தாள்கள். நான் உட்கார்ந்திருந்தது அரிசி டிரம்மின்மேல். அம்மா எப்போது பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாளோ, கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். கையில் தட்டு. பாதிச் சோறு காலியாகியிருந்தது.

"இன்னாடா எழுதுற?"

"இடம் பண்றதப் பத்தி."

"எழுது, எழுது" என்றாள், அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே. "எனக்கு இங்கயே இடம் கீது."